தொப்புள் வழியா ஒரே ஒரு துளை... அவசர வயிற்று ஆபரேஷனுக்கு இது சரிப்படுமா? சுந்தரபாண்டியத்தில் இருந்து பார்த்தால் கணக்கே வேற!

ராத்திரி 11 மணி. தொப்புளைச் சுத்தி ஒரு வலி. பெரிசா ஒண்ணும் இல்ல, 'வாய்வு'னு வீட்ல சொல்றாங்க. ஒரு கோலி சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணி. விடியறதுக்குள்ள வலி மெல்ல நகர்ந்து வலப்பக்கம் அடிவயித்துல வந்து உக்காந்துக்குது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், லேசா காய்ச்சல். 'குடலேத்தமா இருக்கும், எண்ணெய் போட்டு நீவி விடு'ன்னு பக்கத்து வீட்ல ஒரு யோசனை.

இந்தக் காட்சி தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் வத்திராயிருப்பு பக்கம் இருக்கும் சுந்தரபாண்டியம் மாதிரி ஒரு பேரூராட்சியில் நடந்தால், அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. வண்டியை எந்தப் பக்கம் திருப்புறது? கிருஷ்ணன்கோவில் வந்து மெயின் ரோட்டைப் பிடித்தால் ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். இன்னொரு பக்கம் மதுரை.

அப்பெண்டிக்ஸ்னு டாக்டர் சொன்னதும் சொந்தக்காரர்கள் போனில் கேட்கும் கேள்வியும் இப்போ மாறிப்போச்சு. 'ஆபரேஷனா, லேசரா?'ன்னு கேட்டது ஒரு காலம். இப்போ, 'ஒரே ஓட்டையில தழும்பே தெரியாம பண்றாங்களாமே, அங்க போயிருவோமா?' என்கிறார்கள். (வயித்துக்குள்ள செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்கும் லேசருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. அது எப்படியோ நம்ம ஊர்ல ஒட்டிக்கிட்ட பேரு.)

அந்த 'ஒரே ஓட்டை' ஆபரேஷன் என்பது என்ன? அவசரத்துக்கு அது உதவுமா? அதைத் தேடி நூறு கிலோமீட்டர் போகலாமா?

முதல்ல, சாதாரண துளை ஆபரேஷன் எப்படி நடக்குது?

வழக்கமான லேப்ராஸ்கோபியில் பெரும்பாலும் மூணு துளை. தொப்புள் பக்கம் சுமார் 10 மில்லிமீட்டரில் ஒண்ணு, அதுல கேமரா. அடிவயித்துல 5 மில்லிமீட்டர் அளவுல இன்னும் ரெண்டு, அதுல கருவிகள். பித்தப்பை ஆபரேஷன் என்றால் வழக்கமாக நாலு துளை. உள்ளே இடம் வேணும் என்பதால் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயித்தை பலூன் மாதிரி உப்ப வைப்பார்கள். இதற்கு முழு மயக்கம் கொடுப்பதுதான் வழக்கம்.

துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கு. கேமரா நடுவுல, கருவிகள் ரெண்டும் ரெண்டு பக்கத்துல இருந்து வந்து ஒரு முக்கோணமா சந்திக்கணும். அப்போதான் ஒரு கை பிடிக்க, இன்னொரு கை வெட்ட முடியும்.

ஒற்றைத் துளை முறையில் இந்த மூணும் தொப்புளுக்குள் போடும் ஒரே வெட்டு வழியாகப் போகின்றன. வெட்டு சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர். தொப்புளே பிறந்தப்போ விழுந்த ஒரு தழும்புதான் என்பதால், புதுத் தழும்பு அதன் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தால் ஆபரேஷன் நடந்ததே தெரியாது. இந்த முறையோட பெரிய கவர்ச்சி இதுதான்.

கஷ்டம் டாக்டருக்கு. முக்கோணம் போய்விடுகிறது. கேமராவும் கருவிகளும் ஒண்ணுக்கொண்ணு இணையாப் போய் உள்ளே மோதிக்கொள்ளும். இதை அறுவை சிகிச்சை நிபுணர்களே 'கத்திச் சண்டை' என்றுதான் சொல்வார்கள். சுந்தரபாண்டியம் நெசவாளர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரெண்டு முழங்கையையும் சேர்த்துக் கட்டிவிட்டு தறியில் உட்கார்ந்து நெய்யச் சொல்வது மாதிரி. முடியாதுன்னு இல்ல. ஆனா பழக்கம் வேணும், நேரம் கூடுதலாகும்.

இது எப்போ ஆரம்பிச்சுது?

துளை வழியே குடல்வாலை எடுக்கலாம் என்று 1980-ல் செய்து காட்டியவர் குர்ட் செம், ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர். பாராட்டு கிடைக்கவில்லை. அவரைப் பணியில் இருந்து நிறுத்தணும்னு ஜெர்மனி அறுவை சிகிச்சை சங்கத் தலைவரே கடிதம் எழுதினார் என்பது மருத்துவ வரலாற்றில் பிரபலமான கதை. இந்தியாவில் முதல் லேப்ராஸ்கோபி பித்தப்பை ஆபரேஷனை 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் டெஹெம்டன் உட்வாடியா.

ஒற்றைத் துளையும் ரொம்பப் புதுசு இல்லை. 1992-லேயே அமெரிக்காவில் பெலோசி என்ற மருத்துவர் ஒரே துளையில் குடல்வாலை எடுத்ததை எழுதியிருக்கிறார். 1997-ல் இத்தாலியில் நவாரா குழு ஒரே காயம் வழியாகப் பித்தப்பையை எடுத்தது. ஆனால் இது ஒரு அலையாக வந்தது 2008-க்குப் பிறகுதான். அந்த அலையில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு குழு, வளையக்கூடிய எண்டோஸ்கோப்பைத் தொப்புள் வழியாக விட்டு பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்த அனுபவத்தை 2008-ல் சர்வதேச மருத்துவ இதழ்களில் வெளியிட்டது.

அவசரத்துக்கு இது சரிப்படுமா?

'அவசர வயிறு' என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே இருப்பது வேற வேற நோய்கள். வீங்கிய குடல்வால். கல் அடைத்து அழற்சியான பித்தப்பை. புண் வந்து ஓட்டை விழுந்த இரைப்பை அல்லது முன்சிறுகுடல். அடைத்துக்கொண்ட குடல். பெண்களுக்கு, கருக்குழாயில் கரு தங்கி வெடிப்பது.

இதில் ஒற்றைத் துளைக்கு ஓரளவு ஆய்வு பலம் இருப்பது குடல்வாலுக்குத்தான். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 360 குழந்தைகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒற்றைத் துளை, மறுபாதிக்கு மூணு துளை என்று ஆபரேஷன் செய்தார்கள். 2011-ல் வந்த முடிவு: ஒற்றைத் துளைக்கு சராசரியா 35 நிமிஷம், மூணு துளைக்கு 30 நிமிஷம். காயத்தில் கிருமித் தொற்று ஒற்றைத் துளையில் 3.3 சதவீதம், மூணு துளையில் 1.7 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலா இருக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னது. அதாவது, பழக்கப்பட்ட கைகளில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அப்போ ஒற்றைத் துளையே போதுமே? அங்கதான் சிக்கல்.

அவசர அறுவை சிகிச்சைக்கான உலகச் சங்கம் 2020-ல் வெளியிட்ட குடல்வால் அழற்சி வழிகாட்டுதலில், ஒற்றைத் துளையை விட வழக்கமான மூணு துளை முறையையே பரிந்துரைத்தது. காரணம் மூணு: நேரம் குறைவு, ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி குறைவு, காயத் தொற்று குறைவு. 'ஒரு துளைன்னா வலியும் கம்மியாத்தானே இருக்கும்'னு நினைப்போம். ஆனா அந்த ஒரு துளை, மத்த மூணையும் விடப் பெரிசு.

இன்னொரு விஷயம், நம்ம பக்கத்து ஆட்கள் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. பித்தப்பை ஆபரேஷனில் ரெண்டு முறைகளையும் ஒப்பிட்ட, 200 பேர் பங்கேற்ற ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது வெட்டின இடத்தில் குடலிறக்கம் வந்தது ஒற்றைத் துளையில் 8.4 சதவீதம் பேருக்கு, நாலு துளையில் 1.2 சதவீதம் பேருக்கு. தழும்பு அழகா இருக்குன்னு நோயாளிகள் சந்தோஷப்பட்டது ஒற்றைத் துளையில்தான், அதையும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்த 8 சதவீதம் ஒரு எண். மில்லில் பேல் தூக்குபவருக்கும், தென்னந்தோப்பில் காய் சுமப்பவருக்கும், குழித்தறியில் நாள் முழுக்க மிதிப்பவருக்கும் அது இன்னொரு ஆபரேஷன், இன்னும் பல வாரம் கூலி இல்லாத வீடு.

குடல்வால் வெடித்து சீழ் பரவிய வயிறு, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளி, கருக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும் பெண்... இங்கெல்லாம் எத்தனை துளை என்பது பேச்சே இல்லை. எந்த வழி வேகமோ, அந்த டாக்டருக்கு எது கைவந்ததோ, அதுதான் சரி. துளை போட்டு ஆரம்பித்து, உள்ளே நிலைமை மோசம் என்று தெரிந்து வயிற்றைத் திறந்தால் அது தோல்வியும் கிடையாது. 'துளைன்னு சொல்லிட்டு கிழிச்சிட்டாங்க'ன்னு ஆஸ்பத்திரி வாசலில் சண்டை நடப்பதைப் பார்க்கிறோம். பெரும்பாலும் உயிரைக் காப்பாத்தினது அந்த முடிவாத்தான் இருக்கும்.

அப்போ கிராமத்துக்கு இதுல ஒண்ணுமே இல்லையா?

இருக்கு. ஆனால் நகரத்து விளம்பரங்களில் வருகிற முறை இல்லை.

ஒற்றைத் துளைக்கென்று கம்பெனிகள் விற்கும் வாசல் கருவி விலை கூடுதல். அதுக்கு டாக்டர்கள் கண்டுபிடித்த மாற்று, சாதாரண ஆபரேஷன் கையுறை. காயத்தின் வாயில் ஒரு வளையத்தைப் பொருத்தி, அதன் மேல் கையுறையை மாட்டி, விரல் நுனிகளை வெட்டி ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு கருவி. அஞ்சு விரல், அஞ்சு வாசல். உலகம் முழுக்க இப்போ பயன்படுகிறது.

ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் எளிமையான வழி ஒண்ணு உண்டு. தொப்புள் வழியாக கேமராவோடு ஒரு கருவியை விட்டு, குடல்வாலைப் பிடித்து அதே துளை வழியாக வெளியே இழுத்து, பழைய முறைப்படி நூலால் கட்டி வெட்டிவிடுவது. விலை உயர்ந்த ஸ்டேப்ளர் எதுவும் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது வாயு இல்லாத முறை. கிராமத்து ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோபி செய்ய முடியாமல் போவதற்குப் பல நேரம் காரணம், கேமரா இல்லாதது மட்டும் இல்லை. வாயு சிலிண்டர், அதைச் செலுத்தும் இயந்திரம், முழு மயக்கம் கொடுக்க மயக்க மருந்து நிபுணர் எல்லாமே வேணும். இதை உடைக்க முயன்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜே. ஞானராஜ். வடகிழக்கு மாநிலங்களில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றி, பின்னர் கோவை காருண்யா வட்டாரத்தில் இருந்து செயல்பட்ட சிறுநீரகவியல் அறுவை சிகிச்சை நிபுணர்.

முறை இதுதான்: தொப்புள் பக்கம் ஒரே வெட்டு. அதன் வழியாக வளையம் போன்ற ஒரு கம்பியை உள்ளே நுழைத்து, ஆபரேஷன் டேபிளில் பொருத்திய கையால் வயித்துச் சுவரை மேலே தூக்கி நிறுத்துவது. கூடாரத்துக்கு நடுக்கம்பு கொடுப்பது மாதிரி. உள்ளே இடம் கிடைத்துவிடும், வாயு வேண்டாம். வயிறு உப்பாததால் மூச்சுக்கு அழுத்தம் இல்லை. அதனால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிறார்களே, சிசேரியனுக்குப் போடுவது, அதிலேயே பல ஆபரேஷன்களை முடிக்கலாம். வாயு கசியும் என்ற கவலை இல்லாததால் சாதாரண ஆபரேஷன் கருவிகளையும் அதே துளையில் விடலாம். ஒற்றைத் துளையில் இப்படி குடல்வால் எடுப்பது செலவு குறைவு, கற்றுக்கொள்ளவும் சுலபம் என்று அவரும் பிரிட்டன் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து 2015-ல் எழுதினார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து வயிற்றைத் தூக்கும் கருவியை மேம்படுத்தியது. டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் 100 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. வாயு முறைக்கு இது குறைந்தது அல்ல என்பதுதான் அதன் சாரம்.

குறையும் உண்டு. பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் விரியாமல் கூடாரம் மாதிரி நடுவில் மட்டும் உயர்வதால், ஓரங்களில் பார்வை குறையும். உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். எல்லா அவசரத்துக்கும் இதுவே மருந்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒற்றைத் துளை என்ற யோசனை தழும்பு அழகுக்காக ஒரு பக்கம் ஓட, அதே யோசனை மயக்க மருந்து நிபுணர் கிடைக்காத ஊருக்காக இன்னொரு பக்கம் ஓடியிருக்கிறது. இந்த ரெண்டாவது ஓட்டத்தைப் பற்றித்தான் நம்ம ஊர்ல பேச்சே இல்லை.

உண்மையான கடிகாரம் எங்க ஓடுது?

லான்செட் இதழ் அமைத்த உலக அறுவை சிகிச்சை ஆணையம் 2015-ல் ஒரு அளவுகோல் வைத்தது. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், சிசேரியன், தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை... இந்த மூணும் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு யாரும் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியணும். உலகத்தில் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்கவில்லை என்று சொன்னதும் இதே ஆணையம்தான்.

கவனிங்க, அந்தப் பட்டியலில் இருப்பது வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன். துளை ஆபரேஷன் அல்ல.

சாலைக் கணக்கில் சுந்தரபாண்டியம் மோசமான இடத்தில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கு. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் போனால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. நேரம் வீணாவது ரோட்டில் இல்லை. வலி ஆரம்பித்து வண்டி ஏறுவதற்கு இடையில்தான்.

குடல்வால் அழற்சி, வாழ்நாளில் சுமார் நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வரும். அதிகம் தாக்குவது 10 முதல் 30 வயதுக்குள். முதல் ஒண்ணரை நாளைத் தாண்டும்போது அது வெடிக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். அந்த ஒண்ணரை நாளில் நம்ம வீடுகளில் நடப்பது என்ன? ஒரு ராத்திரி சோடா. ஒரு பகல் எண்ணெய் போட்டு நீவுதல். 'வயிறு சுத்தமாகட்டும்'னு பேதி மருந்து. இதில் கடைசி ரெண்டும் நேர விரயம் மட்டும் இல்லை, வீங்கி நிற்கும் குடல்வால் மேல் அழுத்தம் கொடுப்பவை.

சின்னக் குழந்தைகளுக்கு எங்கே வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. அதனால் அஞ்சு வயசுக்குள் நோய் தெரிய வரும்போதே பலருக்கு வெடித்திருக்கும். வயசானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அமுங்கித் தெரியும். அவர்களுக்கு மேல்வயிற்றில் வலி, வியர்வை என்றால் அது வயிறாகவே இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம், ஈசிஜி எடுக்காமல் 'கேஸ்'னு முடிவு பண்ணக்கூடாது.

இரைப்பை ஓட்டை விழுவதற்கு இன்னொரு கதை. உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கலர் கலரா வாங்கிப் போடும் மாத்திரைகள், அதுவும் வெறும் வயித்தில், மாசக்கணக்கில். கூடவே பீடி, சிகரெட். திடீர்னு கத்தியால குத்தின மாதிரி ஒரு வலி வந்து, வயிறு பலகை மாதிரி இறுகினால் அது புண் வெடித்த அறிகுறி. அங்கே ஒரு மணி நேரம்கூட யோசிக்கக் கூடாது.

பால்கோவா ஊருக்குப் பக்கம் என்பதால் ஒரு சின்ன விளக்கம்: பால்கோவா ஒரு துண்டு சாப்பிட்டதால் பித்தப்பையில் கல் முளைக்காது. ஏற்கெனவே கல் இருப்பவர்களுக்குக் கொழுப்பு அதிகமான சாப்பாடு வலியைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான்.

ஆபரேஷனே இல்லாமல் முடியாதா?

முடியும், சிலருக்கு. சிக்கல் இல்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு 2020-ல் வந்தது. 25 மருத்துவமனைகள், 1,552 நோயாளிகள். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் பத்தில் மூணு பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. குடல்வாலுக்குள் கெட்டியான மலக்கல் இருந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஸ்கேன் எடுத்து, டாக்டர் கண்காணிப்பில் செய்வது இது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பது அல்ல.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம்?

'எத்தனை துளை?' என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி, 'இப்பவே, இங்கேயே செய்ய முடியுமா, இல்ல வேற இடத்துக்குப் போகணுமா?' வேற இடம் என்றால் அனுப்பும் டாக்டரே அங்கே பேசி, டியூட்டியில் சர்ஜன் இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்வது நல்லது. 108-ஐக் கூப்பிட்டால் போகும் வழியிலேயே குளுக்கோஸ் ஏறும். வண்டி ஏறிய பிறகு நோயாளிக்குச் சாப்பாடு, காபி எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

ஒற்றைத் துளை செய்கிறோம் என்று டாக்டரே சொன்னால், இந்த நோய்க்கு அதை அடிக்கடி செய்கிறாரா, தேவைப்பட்டால் இன்னொரு துளை போடுவாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். 'தேவைப்பட்டா போடுவேன்' என்பதுதான் சரியான பதிலும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். எந்த ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரியில் சேரும் என்பதை அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேட்கலாம், அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். 'ஒற்றைத் துளை'க்கென்று தனியாக ஒரு தொகை கேட்டால், அது எதற்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காயத்தின் மேல் ஒட்டியிருக்கும் துணி, ராஜபாளையம் பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்ததாகவே இருக்கலாம். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி போவது அங்கிருந்துதான். அதை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளணும். தொப்புள் ஆழமான இடம் என்பதால் அழுக்கும் ஈரமும் தங்கும். சிவந்தாலோ, சீழ் கசிந்தாலோ, மறுபடி காய்ச்சல் வந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது 'வெயிட் தூக்காதீங்க'ன்னு பொதுவாச் சொல்வார்கள். தறியா, லோடா, மரம் ஏறுவதா, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, எத்தனை வாரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.